முதல் 1 எம்பி பூஜ்யமாகிவிட்டது: எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை ஹெக்ஸ் எடிட்டரில் சரிசெய்ய முடியுமா?

#1 நடுநிசி_டிடி

வணக்கம். தூக்கக் கலக்கத்தில் செய்த வேலை. திட்டுவதாக இருந்தால் கடைசியில் திட்டுங்கள், முதலில் வழி சொல்லுங்கள்.

பென்டிரைவ் ஒன்றைத் துடைக்க, தரவை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையை லினக்ஸில் அடித்தேன். உள்ளே போவது பூஜ்யம், பிளாக் அளவு 1 எம்பி, கவுண்ட் 1, எழுதப்படும் இடம் எஸ்டிபி1 (எஸ்டிபி என்ற டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷன்). மாலையில் எஸ்டிபி என்றால் அந்தப் பென்டிரைவ்தான். நடுவில் ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி மாட்டியிருக்கிறேன். இரவில் எஸ்டிபி என்பது என்னுடைய 500 ஜிபி வெளி டிஸ்க்காக மாறியிருந்தது. எண்டர் தட்டிய பிறகுதான் வேறு விளக்கு மினுக்குகிறதே என்று பார்த்தேன்.

டிஸ்க்கில் ஒரே பார்ட்டிஷன், எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்). அப்போது மவுண்ட் ஆகியிருக்கவில்லை. இப்போது மவுண்ட் செய்தால் சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் உள்ள தலைப்பு) மோசம் என்று திருப்பி அனுப்புகிறது. ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் மேலிருந்து கீழே வரை 00, 00, 00. இழந்தது 1048576 பைட்தான், மிச்சம் அப்படியே இருக்க வேண்டும் என்று புத்தி சொல்கிறது. மனசு கேட்கவில்லை. ஹெக்ஸ் எடிட்டரிலேயே சூப்பர்பிளாக்கைக் கையால் எழுதி உயிர்ப்பிக்க முடியுமா?

#2 அவசரக்குடுக்கை

ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகேவை மைனஸ் ஒய் போட்டு ஓட்டுங்கள். எல்லாக் கேள்விக்கும் அதுவே ஆமாம் சொல்லிக்கொள்ளும். எனக்கு இரண்டு தடவை வேலை செய்திருக்கிறது.

#3 கரையான்

#2ஐத் தயவுசெய்து இப்போதைக்குச் செய்யாதீர்கள். எஃப்எஸ்சிகே என்பது ஃபைல்களை மீட்கும் கருவி கிடையாது. ஃபைல் சிஸ்டம் தனக்குள் முரணில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் கவலை. முரணாக இருக்கும் ஐநோடை (ஒரு ஃபைலின் அளவு, இருப்பிடம் எல்லாம் பதிந்த குறிப்பு) அழித்துவிட்டாலும் முரண் தீர்ந்துவிடும். அதற்கு அது வெற்றி, உங்களுக்கு நஷ்டம்.

முதல் வேலை, அந்தச் சாதனத்தையே படிக்க மட்டும் என்று பூட்டுங்கள். பிளாக்டெவ் கட்டளையில் செட்ஆர்ஓ என்ற விருப்பம் இருக்கிறது. படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எக்ஸ்ட்4இல் ஜர்னல் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) முடிக்கப்படாமல் நின்றிருந்தால், ஆர்ஓ மவுண்ட் கொடுத்தாலும் கர்னல் அந்த ஜர்னலை டிஸ்க்கில் எழுதி முடித்துவிட்டுத்தான் உள்ளே விடும். நோலோட் என்றும் சேர்த்துச் சொன்னால்தான் சும்மா இருக்கும். பலர் "நான் எதுவும் எழுதவில்லையே" என்று சத்தியம் செய்வது இந்த இடத்தில்தான்.

பிறகு டிடிரெஸ்க்யூ வைத்து வேறொரு டிஸ்க்கில் முழு இமேஜ், அதாவது பைட் மாறாத நகல், எடுங்கள். இனி எல்லாப் பரிசோதனையும் அந்த இமேஜில்தான்.

#4 பிட்டுக்கு_மண்சுமந்தவன்

கரையான் சொன்னதை அப்படியே செய்யுங்கள். இமேஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு சின்ன வேலை. ஹெக்ஸ் எடிட்டரில் 1048576 என்ற ஆஃப்செட்டுக்குப் போய் அங்கிருந்து முதல் 16 பைட்டை இங்கே ஒட்டுங்கள். அப்படியே 1052672 என்ற இடத்திலும் ஒரு 16 பைட். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

#5 நடுநிசி_டிடி

பூட்டிவிட்டேன். இமேஜ் ஏறிக்கொண்டிருக்கிறது, விடிந்துவிடும் போல.

1048576 இல்:
00 81 00 00 00 81 01 00 00 81 02 00 00 81 03 00

1052672 இல்:
01 81 00 00 01 81 01 00 01 81 02 00 01 81 03 00

இதே தினுசில் இன்னும் கொஞ்சம் ஓடி, அப்புறம் பழையபடி பூஜ்யம். அடுத்த 4096க்குப் போனால் 02 81 என்று ஆரம்பிக்கிறது. இது என் ஃபைல் எதுவும் இல்லை. குப்பையா?

#6 பிட்டுக்கு_மண்சுமந்தவன்

குப்பையா! இந்த 16 பைட்டைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. பொறுமையாகப் படியுங்கள், உங்கள் டிஸ்க் தன் ஜாதகத்தையே எழுதி வைத்திருக்கிறது.

எக்ஸ்ட்4 எண்களைச் சின்ன பைட் முதலில் வருமாறு எழுதும். ஆகவே 00 81 00 00 என்பதைப் பின்னாலிருந்து படித்தால் ஹெக்ஸ் 8100. தசமத்தில் 33024. அதை 32768 + 256 என்று பிரித்துப் பாருங்கள். அடுத்தது ஹெக்ஸ் 18100, அதாவது 98304 + 256. அடுத்தது 163840 + 256. அதற்கடுத்தது 229376 + 256.

32768, 98304, 163840, 229376. எக்ஸ்ட்4 ஃபார்மேட் செய்தவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானது. ஃபார்மேட் முடியும்போது "சூப்பர்பிளாக் நகல்கள் இந்த பிளாக்குகளில்" என்று அது காட்டும் பட்டியல் இதுதான். ஒரு பிளாக் 4096 பைட் என்றால் ஒரு பிட்மேப் (எந்த பிளாக் காலி என்று பிளாக்குக்கு ஒரு பிட்டாகக் குறிக்கும் பட்டியல்) பிளாக்கில் 32768 பிட், ஆகவே ஒரு குரூப்புக்கு 32768 பிளாக், அதாவது 128 எம்பி. எல்லாக் குரூப்பிலும் நகல் வைத்தால் இடம் வீண் என்று 1 மற்றும் 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்குகளான குரூப்புகளில் மட்டும் வைக்கிறார்கள். 1, 3, 5, 7, 9, 25, 27, 49 என்று போகும்.

சரி, இந்த எண்கள் ஏன் அங்கே இருக்கின்றன? பார்ட்டிஷனின் தலைப்பகுதி இப்படி அமைந்திருக்கும்: 0ஆம் பிளாக்கில் சூப்பர்பிளாக். 1ஆம் பிளாக்கிலிருந்து குரூப் டிஸ்கிரிப்டர் அட்டவணை. எந்தக் குரூப்பின் பிட்மேப் எங்கே, ஐநோடு அட்டவணை எங்கே என்பதெல்லாம் இதில்தான். உங்கள் 500 ஜிபிக்கு 3727 குரூப் வரும், ஒன்றுக்கு 64 பைட், ஆக 59 பிளாக். அதற்கப்புறம் 1024 பிளாக் எதிர்காலத்துக்கு ஒதுக்கீடு, பார்ட்டிஷனைப் பின்னால் பெரிதாக்கினால் அட்டவணை வளர இடம் வேண்டுமே. அந்த ஒதுக்கீட்டை 7ஆம் எண் ஐநோடு சொந்தம் கொண்டாடுகிறது. ஒதுக்கிய ஒவ்வொரு பிளாக்குக்குள்ளும் "என் நகல்கள் இந்தந்த இடங்களில்" என்ற எண்கள் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் ஒட்டியது 256ஆம் பிளாக், 257ஆம் பிளாக். அதனால்தான் ஒன்று 00 81, மற்றது 01 81.

இப்போது கணக்கைப் பாருங்கள். நீங்கள் அழித்தது 0 முதல் 255 வரை. சூப்பர்பிளாக் போயிற்று, டிஸ்கிரிப்டர் அட்டவணை முழுவதும் போயிற்று, ஒதுக்கீட்டில் 196 பிளாக் போயிற்று. முதல் பிட்மேப் 1084ஆம் பிளாக்கில்தான் தொடங்கும். ஐநோடு அட்டவணை அதற்கும் பின்னால். அதாவது நீங்கள் தொட்டதெல்லாம் வேறிடத்தில் நகல் உள்ளதும், திரும்ப உருவாக்கிக்கொள்ளக் கூடியதும் மட்டுமே. கவுண்ட் 1 என்பதற்குப் பதில் 10 என்று அடித்திருந்தால் ரூட் டைரக்டரியின் ஐநோடு உட்பட மண்ணாகியிருக்கும், இந்தப் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும்.

சந்தேகம் இருந்தால் 256ஆம் பிளாக்கில் பூஜ்யமல்லாத எண்கள் எத்தனை என்று எண்ணுங்கள். 17 இருக்க வேண்டும்.

#7 நடுநிசி_டிடி

எண்ணினேன். சரியாக 17. 68 பைட்டுக்கு அப்புறம் பூஜ்யம். கை நடுக்கம் இப்போதுதான் நின்றது.

#8 அவசரக்குடுக்கை

அப்போ ரொம்ப சுலபமாச்சே. 32768ஆம் பிளாக்கிலிருந்து 60 பிளாக்கை டிடி வைத்து அப்படியே எடுத்து 0ஆம் பிளாக்கில் ஒட்டினால் முடிந்தது. எஃப்எஸ்சிகேவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

#9 பிட்டுக்கு_மண்சுமந்தவன்

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் நாலு இடத்தில் கால் தடுக்கும்.

முதலாவது, அசல் சூப்பர்பிளாக் பார்ட்டிஷனின் தொடக்கத்தில் இருக்காது, 1024ஆவது பைட்டில் இருக்கும். முதல் 1024 பைட் பூட் சமாசாரத்துக்கு விட்ட இடம். நகல்களோ தங்கள் பிளாக்கின் முதல் பைட்டிலேயே தொடங்கும். அப்படியே பிளாக்கோடு பிளாக் ஒட்டினால் 1024 பைட் முன்னால் போய் உட்காரும், கர்னலுக்குக் கண்ணில் படாது.

இரண்டாவது, ஒவ்வொரு சூப்பர்பிளாக்கும் "நான் எந்தக் குரூப்பில் இருக்கிறேன்" என்று தன் 90ஆவது பைட்டில் எழுதி வைத்திருக்கும். நகலில் அது 1. அசலில் 0. அதைத் திருத்தினால் கடைசி 4 பைட்டில் உள்ள செக்சம் (உள்ளடக்கம் மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) தப்பாகிவிடும். அதையும் கணக்குப் போட்டு எழுத வேண்டும்.

மூன்றாவதுதான் விஷமம். டிஸ்கிரிப்டர் அட்டவணையின் நகல் அன்றாடம் புதுப்பிக்கப்படுவதில்லை. பெரும்பாலும் ஃபார்மேட் செய்த நாளில் எழுதியதுதான். எந்தக் குரூப்பின் ஐநோடு அட்டவணை எங்கே என்ற தகவல் அன்றும் இன்றும் ஒன்றே, அதனால் அது உபயோகம். ஆனால் "இந்தக் குரூப்பில் ஐநோடு எதுவும் இன்னும் பயன்படுத்தவில்லை" என்ற கொடியும் அதே அட்டவணையில் இருக்கிறது. பழைய நகலில் அநேகமாக எல்லாக் குரூப்பிலும் அந்தக் கொடி பறந்துகொண்டிருக்கும். அதை நம்பி நடந்தால் உங்கள் ஃபைல்கள் இருக்கிற குரூப்பையே காலி என்று நினைத்து மேலே எழுத ஆரம்பிக்கும்.

ஈ2எஃப்எஸ்சிகேவும் (எக்ஸ்ட் வகைக்கான எஃப்எஸ்சிகே) டீபக்எஃப்எஸ்ஸும் (ஃபைல் சிஸ்டத்தின் உள்ளே பார்க்கவும் திருத்தவும் உதவும் கருவி) ஒரே நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. நகல் சூப்பர்பிளாக் வழியாகத் திறக்கச் சொன்னால் அந்த நூலகம் முதல் காரியமாக இந்தக் கொடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, எல்லா ஐநோடையும் படிக்கத் தயாராகிவிடும். டிடிக்கு அந்த அறிவு கிடையாது.

நாலாவது, இமேஜ் ஃபைலுக்குள் டிடி வைத்து எழுதும்போது நோட்ரங்க் என்று சொல்ல மறந்தால், எழுதிய இடத்தோடு ஃபைலை வெட்டிவிடும். 500 ஜிபி இமேஜ் 240 கேபி ஆகிவிடும். டிவைஸில் எழுதும்போது இந்தப் பிரச்சினை இல்லை என்பதால் பழகியவர்களே ஏமாறுவார்கள்.

#10 சுழல்தட்டு

செக்சம் விஷயத்தில் என் அனுபவம் ஒன்று. டிஸ்க்கின் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. சூப்பர்பிளாக்கில் பெயர் 120ஆவது பைட்டில், 16 எழுத்து இடம். பார்ட்டிஷன் தொடக்கத்திலிருந்து பார்த்தால் 1144. டியூன்2எஃப்எஸ்ஸில் ஒரு வரியில் ஆகிற வேலையை, பழைய டாஸ் காலத்துத் திமிரில் ஹெக்ஸ் எடிட்டரில் ஒரே ஒரு எழுத்து திருத்தினேன். மவுண்ட் ஆக மறுத்துவிட்டது. டிமெசேஜில் (கர்னலின் செய்திப் பட்டியல்) சூப்பர்பிளாக் செக்சம் செல்லாது என்று ஒரு வரி. பழைய எழுத்தைத் திருப்பிப் போட்டதும் ஒன்றும் நடக்காததுபோல மவுண்ட் ஆனது. முன்பெல்லாம் இப்படித் திருத்தினால் யாரும் கேட்கமாட்டார்கள். எக்ஸ்ட்4 கருவிகளின் தொகுப்பான ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.43 வந்ததிலிருந்து ஃபார்மேட் செய்யும்போதே மெட்டாடேட்டா செக்சம் தானாக இயங்குகிறது.

ஃபேட் மாதிரி அப்பாவி ஃபைல் சிஸ்டம் இனி வராது. டைரக்டரியில் ஒரு ஃபைலுக்கு 32 பைட். ஃபைலை அழித்தால் பெயரின் முதல் பைட்டில் மட்டும் ஹெக்ஸ் இ5 என்று எழுதும், கூடவே கிளஸ்டர் சங்கிலியைப் பூஜ்யமாக்கும். தொடக்கக் கிளஸ்டர் எண்ணும் ஃபைல் அளவும் அப்படியே நிற்கும். ஃபைல் துண்டுபடாமல் இருந்திருந்தால் அந்த ஒரு எழுத்தை ஊகித்து எழுதி, சங்கிலியைக் கையால் கோத்துவிடலாம். உட்கார்ந்து கோத்திருக்கிறேன்.

என்டிஎஃப்எஸ்ஸில் வேறொரு குசும்பு. எம்எஃப்டி (ஃபைல்களின் முதன்மைப் பட்டியல்) பதிவு வழக்கமாக 1024 பைட். அதில் ஒவ்வொரு 512இன் கடைசி இரண்டு பைட்டிலும் உண்மையான தரவு இருக்காது, ஒரு காவல் எண் இருக்கும். உண்மையான பைட்டுகளை எடுத்துப் பதிவின் தலையில் தனியாக வைத்திருப்பார்கள். பாதி எழுதும்போது மின்சாரம் போனால் கண்டுபிடிக்க இந்த ஏற்பாடு. தெரியாமல் அந்த இரண்டு பைட்டைத் திருத்தினால் பதிவு முழுவதும் கெட்டது என்று தள்ளிவிடும்.

#11 மெல்லினம்

இழையை இழுப்பதற்கு மன்னிக்கவும். நான் ஒரு ஃபோல்டரையே அழித்துவிட்டேன், எக்ஸ்ட்4, எஸ்எஸ்டி. டீபக்எஃப்எஸ்ஸில் எல்எஸ்டெல் என்று அடித்தால் அழித்த ஃபைல் பட்டியல் வரும் என்று எங்கோ படித்தேன். எனக்கு 0 என்று காட்டுகிறது. நான் ஏதாவது தவறாகச் செய்கிறேனா?

#12 கரையான்

நீங்கள் தவறு செய்யவில்லை. அந்தக் கட்டளை எக்ஸ்ட்2 காலத்துக்கு எழுதியது. எக்ஸ்ட்2இல் ஃபைலை அழித்தால் ஐநோடில் அழித்த நேரம் மட்டும் பதியும், பிளாக் எண்கள் அப்படியே இருக்கும். எக்ஸ்ட்3இலிருந்து அழிக்கும்போதே பிளாக் எண்களையும் துடைத்துவிடுகிறார்கள். எக்ஸ்ட்4இல் ஐநோடின் 40ஆவது பைட்டில் பார்த்தால் எக்ஸ்டென்ட் (ஃபைலின் தொடர்ச்சியான பிளாக் துண்டு) பட்டியலின் தலைப்பு இருக்கும், ஆனால் உள்ளே எத்தனை பதிவு என்ற இடத்தில் 0.

மிச்ச நம்பிக்கை ஜர்னல்தான். அந்த ஐநோடு இருந்த பிளாக்கின் பழைய பிரதி ஜர்னலில் இன்னும் கிடக்கலாம். டீபக்எஃப்எஸ்ஸில் லாக்டம்ப் கட்டளைக்கு மைனஸ் ஐ சேர்த்து ஐநோடு எண் கொடுத்தால் அந்தப் பிரதிகளைக் காட்டும். எக்ஸ்ட்4மேஜிக், எக்ஸ்ட்அன்டெலீட் எல்லாம் இதைத்தான் தானியங்கியாகச் செய்கின்றன. ஜர்னல் சுற்றிச் சுற்றி மேலெழுதப்படும் இடம், ஆகவே அழித்த பின் எவ்வளவு நேரம் கணினியைப் பயன்படுத்தினீர்கள் என்பதுதான் விஷயம்.

உங்களுடையது எஸ்எஸ்டி என்பதுதான் இடிக்கிறது. ட்ரிம் (அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் கட்டளை) ஓடியிருந்தால் பிளாக் எண் கிடைத்தும் பயனில்லை, பெரும்பாலான எஸ்எஸ்டிகளில் அங்கே பூஜ்யம்தான் படிக்கும். இப்போதே அணைத்துவிட்டு வேறு கணினியில் மாட்டிப் பாருங்கள். தனி இழை ஒன்று தொடங்கினால் அங்கே பேசலாம்.

#13 நடுநிசி_டிடி

இமேஜ் முடிந்தது, படிக்க முடியாத செக்டர் ஒன்றும் இல்லை. இமேஜுக்கு டீபக்எஃப்எஸ் கொடுத்தேன். மைனஸ் பி 4096, மைனஸ் எஸ் 32768. எழுதும் உரிமை கொடுக்கவில்லை.

திறந்துவிட்டது! எல்எஸ் அடித்ததும் என் ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. கண்ணில் நீர் வராத குறை. 2ஆம் ஐநோடுக்கு ஸ்டாட் கொடுத்தேன், டைரக்டரி என்றது, தேதி கூடச் சரியாக இருக்கிறது. பெரிய வீடியோ ஒன்றை டம்ப் கட்டளையால் வெளியே எடுத்துக் கடைசி வரை ஓட்டிப் பார்த்தேன், தடங்கல் இல்லை.

இப்போது ஒரு சபலம். டீபக்எஃப்எஸ்ஸை மைனஸ் டபிள்யூ கொடுத்துத் திறந்தால் அதுவே சூப்பர்பிளாக்கை எழுதிவிடாதா? எதற்கு எஃப்எஸ்சிகே?

#14 பிட்டுக்கு_மண்சுமந்தவன்

சபலம் நியாயம்தான், ஆனால் வேண்டாம். டீபக்எஃப்எஸ் நீங்கள் சொன்னதைச் செய்யும், சரியா தப்பா என்று பார்க்காது. ஒரு ஐநோடின் அளவை ஒன்று என்று மாற்றச் சொன்னால் மாற்றும், செக்சத்தையும் அழகாகச் சரிசெய்து வைக்கும். பொய்க்கு முத்திரை குத்திக் கொடுப்பது மாதிரி. உங்களுக்கு இப்போது வேண்டியது 3727 குரூப்பின் காலி எண்ணிக்கையும் கொடிகளும் உண்மை நிலவரத்தோடு ஒத்துப்போவது. அது எண்ணிப் பார்க்கிற வேலை, எஃப்எஸ்சிகேயின் வேலை.

முதலில் மைனஸ் என் சேர்த்து ஓட்டுங்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தானே பதில் சொல்லிக்கொண்டு, எதையும் எழுதாமல் புகார்களை மட்டும் பட்டியல் போடும். சிறிய பி 32768, பெரிய பி 4096. சிறிய பி என்பது நகலின் இடம், பெரிய பி என்பது பிளாக் அளவு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பட்டியலில் என்ன வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்கிறேன். ரீசைஸ் ஐநோடு (முன்பு சொன்ன 7ஆம் ஐநோடு) செல்லாது என்று ஒன்று வரும், அது நீங்கள் அழித்த அந்த 196 பிளாக். காலி பிளாக் எண்ணிக்கை தப்பு, காலி ஐநோடு எண்ணிக்கை தப்பு என்று பக்கம் பக்கமாக வரும், அது பழைய நகலின் குணம். இவை போனால் போகட்டும். ஒரே பிளாக்கை இரண்டு ஐநோடு சொந்தம் கொண்டாடுகின்றன என்றோ, ஐநோடில் எக்ஸ்டென்ட் மரம் செல்லாது என்றோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு இங்கே ஒட்டுங்கள்.

இன்னொன்று, டிஸ்க்கை ஃபார்மேட் செய்து எவ்வளவு நாள் ஆகிறது? ஃபார்மேட் செய்யும்போது நேரம் மிச்சம் பிடிக்க ஐநோடு அட்டவணைகளைப் பூஜ்யமாக்காமல் விட்டு, முதல் மவுண்டுக்குப் பிறகு கர்னல் பின்னணியில் மெதுவாகப் பூஜ்யமாக்கும். அது முடிவதற்குள் இப்படி ஆகியிருந்தால், அதற்கு முன் டிஸ்க்கில் இருந்த பழைய ஃபைல் சிஸ்டத்தின் ஐநோடுகளை உயிருள்ளவை என்று எஃப்எஸ்சிகே நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

#15 நடுநிசி_டிடி

ஃபார்மேட் செய்து மூன்று வருடம் ஆகிறது, தினமும் மணிக்கணக்கில் ஓடும் டிஸ்க். அந்தப் பயம் இல்லை.

மைனஸ் என் ஓட்டினேன். நீங்கள் சொன்ன அதே இரண்டு வகைப் புகார்தான். ரீசைஸ் ஐநோடு ஒரு வரி. எண்ணிக்கை தப்பு என்று திரை நிறையப் போய்க்கொண்டே இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

#16 கரையான்

அப்படியென்றால் இமேஜில் நிஜமாக ஓட்டலாம். ஓட்டும்போது மைனஸ் இசட் என்று ஒரு ஃபைல் பெயர் கொடுங்கள். எந்தெந்த பிளாக்கை மாற்றுகிறதோ அதன் பழைய உள்ளடக்கத்தை அந்த ஃபைலில் சேமித்துக்கொண்டே போகும். பிடிக்கவில்லை என்றால் ஈ2அன்டூ வைத்துப் பின்னால் திரும்பலாம். அந்த ஃபைலை வேறு டிஸ்க்கில் வையுங்கள். திருத்தப்படும் ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

#17 அவசரக்குடுக்கை

இந்த மைனஸ் இசட் எனக்கு இத்தனை நாள் தெரியாது. #2ஐ வாபஸ் வாங்குகிறேன்.

#18 நடுநிசி_டிடி

முடிந்தது. லாஸ்ட்ஃபவுண்ட் (எந்த ஃபோல்டருக்கு உரியது என்று தெரியாத ஃபைல்கள் சேரும் இடம்) காலி, ஒரு அநாதை ஃபைல்கூட இல்லை. இமேஜை லூப் வழியாக மவுண்ட் செய்து ஃபைல்களை எல்லாம் புது டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டேன். அப்புறம்தான் அசல் டிஸ்க்கின் பூட்டைத் திறந்து அதிலும் அதே கட்டளையை ஓட்டினேன், அதே வரிகள், அதே முடிவு. 1080ஆவது பைட்டில் 53 இஎஃப் வந்து உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்ட்4இன் அடையாள எண்ணை இவ்வளவு ஆசையாக நான் பார்த்ததே இல்லை. மண்சுமந்தவருக்கும் கரையானுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

#19 சுழல்தட்டு

வாழ்த்துகள். இனி டிவைஸ் பெயரை எஸ்டிபி, எஸ்டிசி என்று அடிக்காதீர்கள். டெவ் ஃபோல்டரில் டிஸ்க், அதற்குள் பை-ஐடி என்ற ஃபோல்டர் இருக்கிறது. அங்கே தயாரிப்பு மாதிரி, சீரியல் எண் எல்லாம் பெயரிலேயே இருக்கும். அடிக்க நீளம்தான், ஆனால் எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் பெயர் மாறாது.

#20 நடுநிசி_டிடி

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. சும்மா ஆர்வத்தில், அடிபட்ட நிலையில் எடுத்த இமேஜின் முதல் 5 எம்பியையும் (வெட்டி வைத்திருந்தேன்) சரியான பிறகு உள்ள முதல் 5 எம்பியையும் சிஎம்பி மைனஸ் எல் வைத்து ஒப்பிட்டேன். முதல் வரி (பைட் எண், பழைய மதிப்பு, புதிய மதிப்பு) இப்படி வந்தது:

1026 0 340

சிஎம்பி 1லிருந்து எண்ணும் என்று தெரியும். சூப்பர்பிளாக் 1024ஆம் ஆஃப்செட்டில் தொடங்கினால் முதல் வித்தியாசம் 1025 என்றல்லவா வர வேண்டும்? ஒரு பைட் தள்ளி எழுதிவிட்டதா?

#21 பிட்டுக்கு_மண்சுமந்தவன்

சரியான இடத்தில்தான் எழுதியிருக்கிறது. சூப்பர்பிளாக்கின் முதல் 4 பைட் மொத்த ஐநோடு எண்ணிக்கை. உங்கள் டிஸ்க்கில் குரூப்புக்கு 8192 ஐநோடு இருக்கும், 3727 குரூப், பெருக்கினால் 30531584. 8192ஆல் வகுபடும் எந்த எண்ணுக்கும் கடைசி பைட் பூஜ்யம்தான். சின்ன பைட் முதலில் எழுதப்படுவதால் 1025ஆவது பைட் அடிபட்டபோதும் 0, சரியான பிறகும் 0. சிஎம்பிக்கு அங்கே வித்தியாசமே தெரியாது. அடுத்த பைட்டைத்தான் காட்டுகிறது. அந்த 340 எண்ணடிமானம் (8ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை), தசமத்தில் 224. 30531584ஐ 256ஆல் வகுத்து, வந்த ஈவை மறுபடி 256ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள்.

#22 நடுநிசி_டிடி

119264. மீதி 224. டியூன்2எஃப்எஸ் மைனஸ் சிறிய எல் கொடுத்தேன், ஐநோடு எண்ணிக்கை 30531584 என்றே காட்டுகிறது.